தீர்ப்பில்லாத வழக்கு மன்றம்

கடவுள் உண்டு என்பவரோடு வாதிடலாம். சான்று எங்கே என்று நாம் கேட்கலாம்; அவரும் தம் சான்றைக் கொணரலாம்; கேட்டிருப்போர் எடைபோட்டு முடிவு கட்டலாம். ஆனால், "உண்டு என்பதும் ஒரு கதையாடல், இல்லை என்பதும் ஒரு கதையாடல், இரண்டுக்கும் மேலே நின்று தீர்ப்புரைக்க எவருக்கும் இடமில்லை" என்று புன்முறுவலோடு கூறுபவரிடம் என்ன பேசுவது? அவர் நம் கருத்தை மறுக்கவில்லை. நாம் நின்று பேசும் மேடையையே சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறார்.

பின்நவீனத்துவம் எனப்படும் சிந்தனைப் போக்கு இந்த மேடைச் சுருட்டலுக்குத் தத்துவப் பட்டம் சூட்டித் தந்திருக்கிறது. கல்லூரி வகுப்பறையிலும், இலக்கியக் கூட்டத்திலும், இதழ்களின் பக்கங்களிலும் அதன் சொற்கள் புழங்குகின்றன. பகுத்தறிவுப் பாதையில் நடக்கும் இளைஞர் சிலரும், "நாத்திகமும் ஒரு மதந்தானே!" என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். அப்போக்கு சமய நம்பிக்கையோடு கொண்டுள்ள உறவு யாது? அதனிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது எது? தள்ளத்தக்கது எது? ஆராய்ந்து பார்ப்போம்.

அது வந்த வழி

பிரெஞ்சுச் சிந்தனையாளர் லியோதார், கனடாவின் கியூபெக் மாநிலப் பல்கலைக்கழகக் குழு கேட்டுக்கொண்டபடி எழுதிய அறிக்கை 1979இல் நூலாக வெளிவந்தது. பெருங்கதையாடல்களின் மீது நம்பிக்கை அற்றுப்போன நிலையே பின்நவீன நிலை என்பது அதன் சாரம். மனித குலம் அறிவால் விடுதலை பெறும் என்பது ஒரு பெருங்கதையாடல். வரலாறு ஒரு குறிக்கோளை நோக்கி நடைபோடுகிறது என்பது மற்றொன்று. இரண்டு உலகப் போர்களையும், நாசிகளின் கொலைக்கூடங்களையும், 1945இல் இரோசிமாவிலும் நாகசாகியிலும் வீழ்ந்த அணுகுண்டுகளையும், ஸ்டாலின் காலத்துச் சிறை முகாம்களையும் கண்ட ஐரோப்பா இவ்வாறு சோர்ந்து பேசியதில் வியப்பில்லை. தெரிதா, எந்தப் பனுவலும் தான் சொல்ல வந்ததற்கு எதிரானதையும் தன்னுள் சுமந்திருப்பதைக் கட்டுடைத்துக் காட்டினார். ஃபூக்கோ, சிறை, மருத்துவமனை ஆகியவை வளர்த்த அறிவுக்குள் அதிகாரம் எவ்வாறு குடியிருக்கிறது என்று எடுத்துரைத்தார்.

இந்தக் கணைகள் முதலில் சமயத்தின் மீதே பாயும் என்று எவரும் எதிர்பார்ப்பர். படைப்பு முதல் பிரளயம் வரை சொல்லித் தீர்க்கும் புராணத்தைவிடப் பெருங்கதையாடல் வேறு உண்டோ? ஆனால் நடந்தது வேறு. இத்தாலியச் சிந்தனையாளர் வத்திமோ 1996இல் வெளியிட்ட நூலில், அசைக்க முடியாத உண்மை என ஒன்றில்லை என்றானபின் நாத்திகத்துக்கும் வலுவான அடிப்படை இல்லை என்றார். தாம் பிறந்து வளர்ந்த கிறித்துவத்துக்குத் திரும்பத் தடையில்லை என்றும் வாதிட்டார். திருச்சபையின் கண்டிப்புகளை அவர் எதிர்த்தவர்தாம். அதை மறைப்பது முறையன்று. எனினும் அவர் திறந்த கதவின் வழியே உள்ளே வந்தது எது என்று பார்க்க வேண்டும். உண்மையைச் சோதிக்கும் அளவுகோலை முறித்துப் போட்டால், சோதனைக்கு அஞ்சி நின்றவர்களே முதலில் மகிழ்வர்.

நம்மவர் உடைத்த கட்டு

கட்டுடைத்தல் என்ற சொல் வேண்டுமானால் தமிழுக்குப் புதிதாக இருக்கலாம். செயல் புதிதன்று. காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா 1947இல் எழுதிய 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தை எண்ணிப் பாருங்கள். இரக்கமற்ற அரக்கன் என்று கம்பர் தீட்டிய இராவணனின் வழக்கு மறுவிசாரணைக்கு வருகிறது. இரக்கமற்ற செயல் புரிந்த பலர் முனிவராகவும் அடியாராகவும் போற்றப்படும்போது என்னை மட்டும் அரக்கன் என்பதேன் என்று இராவணன் அடுக்கடுக்காகக் கேட்கிறான். விடை கூற இயலாது நீதிதேவன் மயங்கி வீழ்கிறான். பனுவல் எதை மறைத்தது, யாரை வாய்மூட வைத்தது, எந்த அளவுகோலை யாருக்கு மட்டும் பயன்படுத்தியது என்று கேட்கும் இந்த நாடகம், தெரிதாவின் நூல்கள் வெளிவருவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்டது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. இராவணன் கேட்டது என்ன? "என் கதை எனக்கு, உங்கள் கதை உங்களுக்கு" என்றா கேட்டான்? இல்லை. இரக்கமின்மை குற்றம் எனில் எல்லோருக்கும் குற்றமாகட்டும் என்று கேட்டான். ஒரே அளவுகோல் வேண்டும் என்பதே அவன் வழக்கு. அந்த மன்றத்தில் நீதிதேவன் மயங்கினான், நீதி மயங்கவில்லை. பின்நவீனத்துவ மன்றத்திலோ அளவுகோலே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. வழக்கு நடக்கும், சாட்சிகள் பேசுவர், சொற்கள் மின்னும். தீர்ப்பு மட்டும் வராது. தீர்ப்பு வராத வழக்கில் யாருக்கு இலாபம்? சொத்து யார் கையில் இருக்கிறதோ அவருக்கே.

1943இல் கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் பற்றிய சொற்போர்கள் நடந்தன. பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் அண்ணாவுக்கு எதிரே ரா.பி. சேதுப்பிள்ளை நின்றார், மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் நின்றார். கருத்தில் இரு துருவங்கள். ஆயினும் இரு தரப்பும் ஒன்றை ஏற்றிருந்தன. காரணம் காட்ட வேண்டும். காட்டும் காரணம் எதிரியும் எடைபோடத் தக்கதாய் இருக்க வேண்டும் என்பதே அது. 'தீ பரவட்டும்' என்ற நூலாக அவ்வுரைகள் இன்றும் படிக்கப்படுகின்றன எனில், அந்தப் பொதுத்தளம் இருந்ததே காரணம்.

உணர்வு, கூற்று, அதிகாரம்

சமய அனுபவத்தைப் பகுத்தறிவாளர் அறியார், அதை உள்ளிருந்தே உணர வேண்டும், வெளியிலிருந்து அளப்பது வன்முறை என்கின்றனர். இந்த வாதத்தைத் தட்டிக் கழிக்காமல் எதிர்கொள்வோம். எடுத்துக்காட்டைத் தேடி ஐரோப்பா செல்ல வேண்டியதில்லை.

2019 சூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள்கள், காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் அத்திமரச் சிலை மக்கள் முன் வைக்கப்பட்டது. அனந்தசரசு குளத்தின் அடியிலிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் சிலை அது. அதற்குமுன் எடுக்கப்பட்டது 1979இல். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தனர் என்று கூறப்பட்டது. தறி ஓசை கேட்கும் தெருக்களில் மனித வெள்ளம் நிரம்பியது. வெயிலில் பல மணி நேரம் நின்று, ஒரு நொடி கண்டு, கண்ணீர் மல்கத் திரும்பியவர்களைக் காஞ்சி முழுவதும் கண்டது. அந்தக் கண்ணீர் பொய்யா? இல்லை. அதை எள்ளி நகையாடுவது நம் வேலையும் அன்று. மகள் திருமணத்தை எண்ணிய தாயின் ஏக்கம் உண்மை. மருத்துவமனைச் செலவை எண்ணிய தந்தையின் துயர் உண்மை.

ஆனால் அங்கே இருந்தவை மூன்று. அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, உணர்வு. அது உணர்ந்தவருக்கு உரியது. அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூலில் இதைத் தெளிவாகவே வரையறுத்தார். அத்தகைய அனுபவம் பெற்றவர் மீது அது ஆட்சி செலுத்தலாம். பெறாதவர் அதைக் கேள்வியின்றி ஏற்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்பது அவர் கருத்து. சமயத்தின்பால் பரிவு கொண்டவரே இவ்வாறு எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, கூற்று. "வரதர் எழுந்தருளினார், மழை பொழிந்தது" என்று அந்த ஆண்டு பேசப்பட்டது. சென்னை தண்ணீர் லாரிக்குத் தவங்கிடந்த ஆண்டு அது. மழை பெய்தது பற்றிய பேச்சு எவருடைய தனி உணர்வும் அன்று. உலகத்தைப் பற்றிய கூற்று. உலகத்தைப் பற்றிய கூற்றை உலகத்தில்தான் சோதிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பரில் காஞ்சி மாவட்டத்தையும் சென்னையையும் மூழ்கடித்த பெருமழை பெய்தபோது அச்சிலை குளத்தின் அடியில்தான் இருந்தது. அந்த மழைக்கு யார் பொறுப்பு? 40 ஆண்டுகள் நீரில் கிடந்தும் மரம் மக்காதது அதிசயம் என்கின்றனர். மரத்தை அழிக்கும் பூஞ்சைகளுக்கு உயிர்வளி வேண்டும். நீருக்கடியில், சேற்றில், அது போதிய அளவு கிட்டாது. கடலடியில் நூற்றாண்டுகள் கிடந்த மரக்கலங்கள் வெளியே எடுக்கப்பட்டுள்ளன. எந்த ஆழ்வாரும் அவற்றைப் பாடவில்லை.

மூன்றாவது, அதிகாரம். முக்கியப் புள்ளிகளுக்கு ஒரு வழி. மற்றவர்க்கு நீண்ட வரிசை. சூலை 18ஆம் நாள் நெரிசலில் சிக்கி 4 பேர் உயிரிழந்தனர். இறைவன் முன் அனைவரும் சமம் என்று சொல்லும் இடத்தில் அனுமதிச் சீட்டின் நிறம் மனிதனின் விலையை உரைத்தது. இதற்கும் தத்துவத்துக்கும் தொடர்பில்லை என்பீரோ? தொடர்பு உண்டு. அனுபவம் புனிதம், அதைக் கேள்வி கேட்காதீர் என்று கூறும்போது, கூற்றும் அதிகாரமும் அந்த அனுபவத்தின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கின்றன. உணர்வை மதிக்கலாம், கூற்றைச் சோதிக்க வேண்டும், அதிகாரத்தை எதிர்க்க வேண்டும். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "மாறுபட்ட உலகப் பார்வை" என்று சீட்டு ஒட்டித் தருவதுதான் பின்நவீனத்துவம் செய்யும் பிழை.

அம்மனும் அம்மைப்பாலும்

இந்தப் பிழை நூலறையோடு நிற்பதில்லை. உயிரைத் தொடும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பெரியம்மை நோயை மாரியம்மனின் சீற்றம் என்றும் வரவு என்றும் நம்பிய நாடு நம்முடையது. வேப்பிலை கட்டினோம், கூழ் வார்த்தோம், குழந்தைகளைப் புதைத்தோம், பிழைத்தவர் பலர் பார்வை இழந்தனர். கிண்டி கிங் நிலையத்தில் அம்மைப்பால் தயாராயிற்று. ஊர் ஊராக அம்மை குத்தினர். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். உலகில் இயற்கையாக அந்நோய் தொற்றிய கடைசி மனிதர் 1977இல் சோமாலியாவில் காணப்பட்டார். 1980 மே மாதத்தில் அந்நோய் ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பத்தாண்டு கழித்து, 1990இல், அறிவின் ஆதிக்கம் பற்றி வெளிவந்த கட்டுரைத் தொகுப்பு ஒன்றில், பிரெடெரிக் அப்ஃபெல் மார்க்லின் என்னும் மானிடவியலறிஞர் பெரியம்மை பற்றி எழுதினார். சீதளாதேவி வழிபாட்டோடு இணைந்த பழைய அம்மை குத்தும் முறையையும் மேலைநாட்டுத் தடுப்பு முறையையும் இரண்டு அறிவு முறைகளாக எதிரெதிரே நிறுத்தி, பின்னது முன்னதன் மீது திணிக்கப்பட்டது என்று வாதிட்டார். அதில் உண்மையின் துளி இல்லாமலில்லை. ஒழிப்பு இயக்கத்தின் கடைசி ஆண்டுகளில் வீடு புகுந்து பலவந்தமாகக் குத்திய நிகழ்ச்சிகள் உண்டு. அவற்றைக் கண்டிப்பதே நேர்மை. ஆனால் நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்துக் குத்தும் பழைய முறை, பெரியம்மையையே உடலில் ஏற்றுவது. குத்தப்பட்டவர் சிலர் மடிந்தனர். அவரிடமிருந்து பிறர்க்கும் நோய் பரவ இடமிருந்தது. இரண்டையும் எதைக்கொண்டு அளப்பது? புதைகுழிகளைக் கொண்டு அளக்கலாம். எந்தக் கதையாடலும் அந்த எண்ணிக்கையை மாற்றாது.

மாற்று அறிவு என்ற கொடியின் கீழ் வேறொன்றும் ஊர்வலம் வந்தது. 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்தைப் பட்டப் படிப்பாக்க முனைந்தது. அறிவியலறிஞர் புட்ப பார்கவா முதலியோர் எதிர்த்து வழக்காடினர். 2004இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் முறையீட்டைத் தள்ளியது. அறிவியலும் ஒரு பண்பாட்டின் நம்பிக்கையே எனில், வேத காலத்தில் விமானம் பறந்தது என்பவனை எந்த முகத்தோடு மறுப்பது? மீரா நந்தா 2003இல் எழுதிய நூல் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பிற்று. இடதுசாரி முகத்தோடு அறிவியலைத் தாக்கியவர்கள், தாம் அறியாமலே மதவாதத்தின் தேருக்கு வடம் பிடித்தனர் என்று அவர் காட்டினார்.

பாரிசும் தெகரானும்

அதிகாரத்தின் நுண்ணிய வேர்களை ஆராய்ந்த ஃபூக்கோவே ஒருமுறை மயங்கினார். 1978இல் இருமுறை ஈரான் சென்று, இத்தாலிய நாளேடு ஒன்றுக்குக் கட்டுரைகள் எழுதினார். மன்னராட்சியை எதிர்த்த மக்கள் எழுச்சியில், மேலைநாடு மறந்துவிட்ட ஆன்மிக அரசியலைக் கண்டு வியந்தார். பாரிசில் வாழ்ந்த ஈரானியப் பெண் ஒருவர் அந்த நவம்பரிலேயே மறுப்புக் கடிதம் எழுதினார். கொடுங்கோலனை வீழ்த்த வேண்டும். ஆனால் மதச் சட்டம் வந்தால் பெண்களின் கதி என்ன என்பது அவர் கேள்வி. புரட்சி 1979 பிப்ரவரியில் வென்றது. மார்ச் 8ஆம் நாள், பெண்கள் தினத்தில், கட்டாய முக்காட்டை எதிர்த்துத் தெகரான் தெருக்களில் ஈரானியப் பெண்களே திரண்டனர். புதிய ஆட்சியின் மரண தண்டனைகளைப் பிறகு ஃபூக்கோ கண்டித்தார் என்பதும் உண்மை. ஆயினும் பாடம் பாடமே. வெளியிலிருந்து வந்தவர் அனுபவத்தின் வெப்பத்தைக் கண்டார். உள்ளேயிருந்த பெண் அதிகாரத்தின் நிழலைக் கண்டாள். "உள்ளிருந்து பார்" என்று நமக்கு அறிவுரை கூறுவோர், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் கோயில்களிலும் இதே கேள்விதான். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டத்தைக் கலைஞர் அரசு 1970இல் கொணர்ந்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது; ஆனால் ஆகமம் விதித்த தகுதி கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்ற வாசலைத் திறந்தே வைத்தது. பிறர் தீண்டினால் சிலை தீட்டாகும் என்ற விதியை அந்த வழிபாட்டு மரபின் உள்விவகாரம் என்று விட்டுவிட வேண்டுமாம்! பயிற்சி பெற்ற பிற சாதியினர் அர்ச்சகராகப் பரவலாகப் பணி ஆணை பெற 2021 ஆகஸ்ட் வரை காத்திருக்க நேர்ந்தது. அரை நூற்றாண்டு! மரபின் தனித்தன்மை என்ற இனிய சொல்லுக்குள் இத்தனை ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது மனிதனின் மானம்.

தமிழில் அதன் தோற்றம்

தமிழவன் எழுதிய 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வெளிவந்து புதிய கோட்பாடுகளுக்கு வழி திறந்தது. 1990களில் அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி ஆகியோர் நடத்திய 'நிறப்பிரிகை', அக்கோட்பாடுகளை நம் சாதிச் சமூகத்தின் மீது திருப்பிற்று. தலித் இலக்கியம் பற்றிய பேச்சுக்கு அது இடம் தந்தது. தமிழன், திராவிடன் என்ற பெரிய சொற்களுக்குள்ளும் ஒலிக்காத குரல்கள் உண்டு என்று சுட்டியது. இதற்காக நாம் சினங்கொள்ளலாகாது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டபோது ஆண்டது நம் இயக்கமே. அக்கேள்வியைக் கேட்க உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும்.

ஆனால் கேட்பவரிடம் ஒன்று சொல்வோம். அந்த 44 பேர் சார்பில் பேச எது துணை? உண்மை. எரித்தது யார், எரிந்தது யார், கதவு எப்படி மூடப்பட்டது என்பவை நடந்தவை. நிலக்கிழாருக்கும் ஒரு கதையாடல் உண்டு. கூலி உழவனுக்கும் ஒரு கதையாடல் உண்டு. இரண்டும் சமம் என்றால் எந்தக் கதை நிலைக்கும்? பணமும் வழக்கறிஞரும் அச்சகமும் உள்ளவன் கதைதான் நிலைக்கும். பலமுள்ளவனுக்கு உண்மை ஒரு வசதி. பலமற்றவனுக்கு அது ஒன்றே படைக்கலம்.

படைப்பிலக்கியத்திலும் இம்மயக்கம் உண்டு. பின்நவீனத்துவ நாவல் எனப் பலர் வகைப்படுத்திய ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' 1997இல் வெளிவந்தது. கோயில் நகரத்தைப் புராணங்களின் அடுக்காகவே கட்டி எழுப்பி, அப்புராணங்கள் எப்படித் திரிந்தும் புனைந்தும் உருவாயின என்று காட்டுகிறது. கருவறையில் படுத்திருக்கும் பேருருவம் பழங்குடியினரின் மூப்பன் என்ற உரிமைக் குரலும் அதில் ஒலிக்கிறது. இது கூர்மையான கட்டுடைப்பு. அதன் உழைப்பையும் வீச்சையும் மறுக்க மாட்டோம். ஆனால் படித்து முடித்தபின் நெஞ்சில் தங்குவது என்ன? பறிகொடுத்த பழங்குடியின் வழக்கா? இல்லை, கோபுரத்தின் பிரமிப்பே தங்குகிறது. எல்லாம் மாயச் சுழல், எல்லாம் பிரளயத்தில் கரையும் என்ற பெருமூச்சில், களவு கொடுத்தவனும் களவு கொண்டவனும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றனர். அழகியல் வென்றது, வழக்கு தள்ளுபடியாயிற்று.

பெரியாரையும் பின்நவீனத்துவத்தின் முன்னோடி என்று உரிமை கொண்டாடியோர் உண்டு. மதம், சாதி, தேசம், இலக்கியம் என எந்தப் பீடத்தையும் வணங்காதவர் என்பதால் அவ்வாறு தோன்றலாம். ஆனால் தாம் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம் என்று அவர் கூறிய இடத்தில் என்ன செய்யச் சொன்னார்? சொந்த அறிவால் ஆராய்ந்து ஏற்கச் சொன்னார். பீடத்தை உடைத்தவர் தராசை உடைக்கவில்லை.

காஞ்சியின் அளவை

மேலைநாட்டுப் பகுத்தறிவை நாம் கடன் வாங்கினோம் என்றும், அது இம்மண்ணுக்கு அயல் என்றும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. மணிமேகலை எங்கே அளவை நூல் கற்றாள்? இதே காஞ்சியில். வஞ்சியில் அவள் அளவைவாதி முதல் பூதவாதி வரை பல சமயத்தார் கூற்றுகளையும் கேட்கிறாள். பலவற்றையும் கேட்டாள் என்பதோடு பின்நவீனத்துவம் நின்றுவிடும். சாத்தனார் நிற்கவில்லை. காண்டலை அன்றிக் கருதலை ஏற்காத பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை நீ கருதலால் அன்றி எங்ஙனம் அறிந்தாய் என்று கேட்டு நகைக்கிறாள். பூதவாதி நம் உறவினன்; ஆயினும் அந்தக் கேள்வி நியாயமானது என்று ஒப்புவோம். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளையும், போலி வாதங்களின் வகைகளையும் கற்பிக்கிறார். பௌத்தத் துறவு அவள் முடிவு. அது நம் முடிவன்று. ஆனால் வழி நம் வழி. அளந்து ஏற்பது அது.

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசம்' என்னும் நகை நாடகத்தின் களமும் காஞ்சியே. கபாலிகன் தன் மண்டையோட்டைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவி திருடினான் என்று சண்டையிடுகிறான். இருவரும் தத்தம் தத்துவங்களைப் பொழிகின்றனர். இறுதியில் பார்த்தால், ஓட்டைக் கவ்விச் சென்றது ஒரு நாய்! இரண்டு உலகப் பார்வைகள் மோதியபோது வழக்கைத் தீர்த்தது, ஓடு உண்மையில் எங்கே இருந்தது என்ற எளிய செய்திதான்.

பக்தரும் பின்நவீனத்துவத்தின் இந்தச் சலுகையை விரும்பார். பாலாற்றை ஒட்டிய நம் செவிலிமேட்டின் சாலைக்கிணறு, இராமானுசர் நாளும் பெருமாளுக்கு நீர் சுமந்த கிணறு என்று போற்றப்படுகிறது. அந்த இராமானுசர் தம் ஆசான் யாதவப்பிரகாசரோடு பொருள் விளக்கத்தில் முரண்பட்டார். மாயாவாதம் தவறு என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டார். "உமக்கு அது மெய், எமக்கு இது மெய்" என்று அவர் கைகுலுக்கவில்லை. தம் நம்பிக்கை உண்மை என்றே அவர் எண்ணினார். அவரை மறுப்பது அவரை மதிப்பதாகும். "நீர் சொன்னது ஓர் அழகிய கதையாடல்" என்று தட்டிக் கொடுப்பது அவமதிப்பு.

அந்தக் கிணற்றின் கதையையே கட்டுடைத்துப் பார்ப்போம். ஆசான் செய்த கொலைச் சூழ்ச்சியிலிருந்து தப்பிக் காட்டில் திகைத்தவரை ஒரு வேடனும் வேடுவச்சியும் காஞ்சி வரை அழைத்து வந்தனராம். தண்ணீர் கேட்டனராம், கொணர்வதற்குள் மறைந்தனராம், அவர்கள் பெருமாளும் தாயாருமாம். வழிகாட்டிய வேடன் வேடனாகவே இருந்துவிடக் கூடாதா? காட்டுவாசியின் மனிதநேயத்தைக் கதை பாராட்டியது. பாராட்டிய மறுநொடியே அவனை மனிதன் அல்லன் என்று சொல்லிப் பறித்துக்கொண்டது. கோயில் எழும்பியது, தண்ணீர் கேட்டவனுக்கு அதன் கருவறையில் இடமில்லை. இத்தகைய கட்டுடைப்பை நாம் வரவேற்கிறோம். நாள்தோறும் செய்ய வேண்டும் என்கிறோம். ஆனால் இதைச் செய்தபின், "இதுவும் ஒரு வாசிப்பு" என்று கைகழுவ மாட்டோம். வேடனுக்கு உரியதை வேடனுக்குக் கொடு என்று தீர்ப்புரைப்போம்.

இளைஞர்களுக்கு

பின்நவீனத்துவத்தைப் படியுங்கள். அஞ்ச வேண்டியதில்லை. எந்தப் பனுவல் யாரை மறைக்கிறது, எந்த அறிவு யாருக்குச் சேவகம் செய்கிறது என்று கேட்கும் பழக்கத்தை அதனிடம் பெறுங்கள். அறிவியலின் பெயரால் நடக்கும் வல்லடிமைகளையும் அதே கேள்வியால் துளையுங்கள். நம் இயக்கத்தையும் விட்டுவைக்காதீர்கள். அணுகுண்டைக் கண்டிப்பதற்கும் பகுத்தறிவுதான் தேவை என்பதை மட்டும் மறவாதீர்கள்.

படிப்பகங்களில் இனி ஒரு சமயச் செய்தி பேசப்படும்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். இங்கே உணரப்பட்டது என்ன? சொல்லப்பட்டது என்ன? இதனால் ஆள்வது யார்? முதற்கேள்விக்கு விடை வரும்போது அமைதியாகக் கேளுங்கள். அழுபவர் நம் தாயாக இருக்கலாம். இரண்டாவதற்கு விடை வரும்போது சான்று கேளுங்கள். மூன்றாவதற்கு விடை தெரிந்தபின் வீட்டில் இருக்காதீர்கள்.

தறியில் அமர்பவனுக்கு ஒன்று தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் அது அறுந்ததுதான். எந்த விளக்கமும் அதைப் பிணைக்காது. கண்டு, எடுத்து, முடிந்தால்தான் அடுத்த முழம் நகரும். நாட்டின் பாவில் அறுந்த இழைகள் பல. அவற்றைக் கண்டு முடிவதற்குக் கண் வேண்டும், விளக்கு வேண்டும். விளக்கும் ஒரு கதையாடலே என்பவர் பேசிக்கொண்டிருக்கட்டும். நாம் அதை ஏற்றி வைப்போம்.